பின்னோக்கும் அம்புகள்

ஒன்றுவிட்ட நாள், விடிகாலை நாலுக்கு,
பால் டேங்கரைக் கிளப்புகிறேன்.
தெமிஸ்கமாங் ஏரிக்கரையில் தொடங்கி
ஸ்ப்ரூஸ் காடு மறிக்கிற இடம் வரை
ஒரே சாலை, பதினேழு பண்ணை.
எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி, சோதனைக்கு ஒரு குப்பி:
என் நோட்டில் வேறொன்றும் இருந்ததில்லை,
வான்கோழிகள் வரும்வரை.

முதலில் தெலில் பண்ணையில் பார்த்தேன்.
பனிமேல் யாரோ போட்டுவிட்டுப் போன
ஒன்பது கறுப்பு மூட்டைகள்.
ஒரு மூட்டை தலை தூக்கியது.
"ஏரி உறைஞ்சதும் ஒன்டாரியோலேர்ந்து
நடந்தே வந்திருக்கு" என்றான் ஓரேல்,
வாசலுக்கு வந்த கடன்காரரைச் சொல்வதுபோல.

அடுத்த குளிரில் நாலாவது பண்ணை.
அதற்கடுத்ததில் எட்டு, ஒன்பது, பதினொன்று.
பால் கணக்குக்குக் கீழே
பென்சிலால் ஓர் எண் எழுதத் தொடங்கினேன்,
யாரும் கேட்காமலே.
தீவனக் குழியின் பிளாஸ்டிக்கைக் கொத்தின.
டிராக்டரின் சக்கரமூடியில் தன்னையே கண்டு
அரைமணி நேரம் சண்டைபோட்டது ஒரு சேவல்.
ஜெயித்தது யாரென்று தெரியவில்லை.

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்தார்.
சேதத்தில் பாதி ரக்கூன், மீதி மான், என்றார்.
அதெல்லாம் ராத்திரி வேலை.
இது பகலில் நடுவயலில் நிற்கிறது,
பழி இதன்மேல்.
யாரும் மறுத்துப் பேசவில்லை; நம்பவும் இல்லை.

டயரை உதைத்துப் பார்க்கக் குனிந்தபோதுதான்
காலடிகளைக் கவனித்தேன்.
மூன்று விரல், ஒவ்வொன்றும் ஓர் அம்பு.
ஆனால் விரல்கள் விரிந்த பக்கம் நடை,
கூர் குவிந்த பக்கம் வந்த வழி.
வடக்கே போகிற கூட்டம்
வரிசை வரிசையாகத்
தெற்கைக் காட்டிவிட்டுப் போகிறது.

பிப்ரவரியில் அந்தப் புயல்.
மாவுபோல் பனி, இடுப்பு மட்டம்,
கால் வைத்தால் பிடிமானம் இல்லை.
பன்னிரண்டாவது பண்ணைப் பைன் மரத்தில்
பத்தொன்பது ஏறின.
ஆறு நாள் இறங்கவில்லை.
ரொலாந் பிரான்குர், இலையுதிர்காலம் முழுக்க
துடைப்பத்தோடு அவற்றைத் துரத்தியவள்,
லோடரில் ஒரு வாளி சாணம் அள்ளிவந்து
மரத்தடியில் கொட்டினாள்.
ஆவி பறந்தது. உள்ளே செரிக்காத சோளம்.
குளிர்காலத்தில் வயலில் சாணம் போடச் சட்டமில்லை.
"போடல. கொட்டிப் போச்சு.
நீ எதையும் பாக்கல."
பார்க்கவில்லை.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது லிட்டர்,
மூன்று டிகிரி, என்று எழுதினேன்.

பதினாலு இறங்கின.
மற்ற ஐந்தை நரி முடித்துக்கொண்டது.

மே மாதம் வேட்டைக்கு அனுமதி திறந்தது.
முதல் வாரமே ஒரு சேவலைச் சுட்டவளும்
அதே ரொலாந்தான்.
பிக்கப் வண்டியின் பின்கதவில் வைத்து
இரைப்பையைக் கீறி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்:
டான்டிலியன் பூ, வண்டுகளின் ஓடு,
பாதி பழுத்த ஏதோ மொட்டு,
அப்புறம் இளஞ்சிவப்புச் சாயம் பூசிய
விதைச்சோளம்.
விரல்நுனியால் ஒதுக்கி எண்ணினாள்.
"நாலு" என்றாள்.
கத்தியைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் கழித்து,
"நாலுன்னாலும் என் நாலு."
தொடை ஒன்றை எனக்குக் கட்டிக் கொடுத்தாள்.
நீண்டநேரம் வேகவைக்கவேண்டி இருந்தது.

இந்த நவம்பரில் பதினேழாவது பண்ணை.
புதிதாக வாங்கிய பையன், காது சிவக்க ஓடிவந்து
லாரிக் கண்ணாடியைத் தட்டினான்.
"கொட்டகைக்குப் பின்னாடி ஏதோ நிக்குது.
தலையில முடியே இல்ல. என்னது அது?"
சொன்னேன்.
"எவ்வளவு நாள் இருக்கும்?"
குழாயைப் பொருத்தினேன், மோட்டாரைப் போட்டேன்.
அந்தச் சத்தத்தில் பதில் தேவைப்படவில்லை.

முதல் பனி, விரல்கடை ஆழம்.
கொட்டகையிலிருந்து ஸ்ப்ரூஸ் இருட்டு வரை
அம்புகள்.
அதற்கப்பால் பால் இல்லை, சோளம் இல்லை,
என் நோட்டில் பக்கமும் இல்லை.

சாலை முடிகிற இடத்தில்
டேங்கரை மெல்லத் திருப்பினேன்.
அம்புகள் காட்டிய பக்கம்
நான் போனேன்.
அவை போகவில்லை.